போதைப் பழக்கத்தின் பேரில் வாழ்க்கைத்துணையின் அமெரிக்க விசா மறுக்கப்பட்டால்: இராமநாதபுரம் கடலோரக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, தங்கச்சிமடம் என்று நம் கடலோரத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், தம்பதியரில் ஒருவர் வெளிநாட்டில் இருக்க, மற்றவர் இங்கே காத்திருக்கும் வீடுகள் உண்டு. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்றவர்களோடு திருமண உறவு ஏற்படுவதும் இப்போது புதிதல்ல. அப்படிப்பட்ட வீடொன்றில், மும்பை துணைத் தூதரகத்தின் நேர்காணலுக்குப் போன மாப்பிள்ளை விசாவுக்குப் பதிலாக ஒரு மறுப்புத் தாளோடு திரும்பும்போது, என்றைக்கோ பிடித்த கஞ்சா வாழ்நாள் முழுவதையும் கெடுத்துவிட்டதாகவே எல்லோரும் எண்ணிவிடுகிறார்கள். பல நேரங்களில் அந்த எண்ணம் தவறானது. சில நேரங்களில் அது சரியாகவும் இருக்கிறது. எது எப்போது என்று பிரித்தறிவதற்கு வேண்டியவற்றை ஒவ்வொரு படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: மறுப்புத் தாளில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்

"போதைப்பொருள் காரணமாக மறுத்துவிட்டார்கள்" என்று பொதுவாகச் சொல்வதில் ஒரு பயனும் இல்லை. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் போதைப்பொருள் மூன்று வெவ்வேறு இடங்களில் வருகிறது. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

பிரிவு 212(ஏ)(1)-இன் கீழ் வரும் மறுப்பு மருத்துவம் சார்ந்தது. விண்ணப்பதாரர் போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர் அல்லது அதற்கு அடிமையானவர் என்று, தூதரகம் அங்கீகரித்த மருத்துவர் 'வகுப்பு ஏ', அதாவது விசாவைத் தடுக்கும் மருத்துவ நிலை, எனக் குறித்திருப்பார். பிரிவு 212(ஏ)(2)-இன் ஏ உட்பிரிவு குற்றம் சார்ந்தது. போதைப்பொருள் சட்டத்தை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களும், மீறியதாகத் தாமே ஒப்புக்கொண்டவர்களும் இதில் அடங்குவர். அதே பிரிவின் சி உட்பிரிவு கடத்தல் சார்ந்தது. இதற்குத் தண்டனை எதுவும் தேவையில்லை. கடத்தலில் பங்கு இருந்ததாக நம்புவதற்குக் காரணம் இருக்கிறது என்று அதிகாரி கருதினாலே போதும்.

தாளில் 221(ஜி) என்று மட்டும் இருந்தால், கூடுதல் ஆவணமோ மருத்துவ அறிக்கையோ வரும்வரை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 212(ஏ)(6)(சி) என்று இருந்தால் அது பொய் சொன்னதற்கான மறுப்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தாளைத் தொலைத்துவிடாமல் இரண்டு பக்கமும் படமெடுத்து, அமெரிக்காவில் இருக்கும் துணைக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மறுப்புத் தேதியும் முக்கியம். குடியேற்ற விசா மறுக்கப்பட்ட ஓராண்டுக்குள், மறுப்புக்கான காரணத்தை நீக்கும் புதிய ஆதாரத்தைக் கொடுத்தால், புதிய விண்ணப்பக் கட்டணம் இல்லாமலே தூதரகம் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது விதி.

இரண்டாம் படி: மருத்துவ மறுப்பு என்றால் காலத்தையும் பதிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

இந்த வகை மறுப்புக்கு, குடியேற்ற விசாவைப் பொறுத்தவரை, மன்னிப்பு விண்ணப்பம் கிடையாது. அதைக் கேட்டுப் பலர் மனம் உடைந்துவிடுகிறார்கள். ஆனால் இது தானே தீரக்கூடிய தடை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் வழிமுறைகளின்படி, கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள் எதையும் தொடாமல் 12 மாதங்கள் முழுமையாகக் கடந்துவிட்டால் அது நிலைத்த மீட்சியாகக் கருதப்படும். மருத்துவர் மறுபடி பரிசோதித்து 'வகுப்பு ஏ'-யை 'வகுப்பு பி'-யாக மாற்றிவிட்டால், அந்தக் காரணத்துக்காக விசாவை மறுக்க முடியாது.

மருத்துவர் இதை எப்படி முடிவு செய்கிறார் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டில், போதைப் பழக்கக் கோளாறுக்கு 11 அறிகுறிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. 12 மாத காலத்துக்குள் அவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அது கோளாறு. ஆகவே கல்லூரி விடுதியில் இரண்டொரு முறை இழுத்துப் பார்த்ததும், நாள்தோறும் இல்லாமல் முடியாது என்ற நிலையும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு பரிசோதனை அறையில் எப்படிக் காணாமல் போகிறது என்று பாருங்கள். "தம்பி, கஞ்சா எப்பவாவது பிடிச்சிருக்கீங்களா?" என்று மருத்துவர் இயல்பாகக் கேட்கிறார். "எப்பவாவது, ஃப்ரெண்ட்ஸோட இருக்கும்போது, டாக்டர்" என்று பதில் வருகிறது. கடைசியாக எப்போது, மொத்தம் எத்தனை முறை, என்ன பொருள் என்ற எதுவும் அந்தப் பதிலில் இல்லை; பழக்கம் இன்றும் தொடர்கிறது என்றே அது எழுதப்படக்கூடும். உண்மை "2019-இல், படிப்பின் கடைசி ஆண்டில், மூன்று முறை, அதன் பிறகு இல்லை" என்பதாக இருந்தால், அதை அப்படியே, ஆண்டோடு சொல்ல வேண்டும். உண்மை வேறாக இருந்தால் அந்த உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு அறிகுறிகளுக்குக் குறைவாக இருந்தும் 'வகுப்பு ஏ' என்று எழுதப்பட்டிருந்தால், ஒரு மனநல மருத்துவரின் தனி மதிப்பீட்டை இணைத்து, அதை மீண்டும் பார்க்கும்படி எழுத்தில் கேட்கலாம்.

காத்திருக்கும் ஓராண்டை வெறுமனே கழித்துவிட்டு, "விட்டுவிட்டேன்" என்று வாய்மொழியாகச் சொன்னால் எடுபடாது. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரையிலோ ஒரு மனநல மருத்துவரிடம் உடனே பதிவு செய்துகொண்டு, மாதந்தோறும் போய், ஒவ்வொரு வருகையும் தேதியோடு சீட்டில் ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனைகளை அடையாள அட்டையைக் காட்டி, தரச்சான்று பெற்ற ஆய்வகத்தில், முன்கூட்டியே சொல்லாத நாட்களில் செய்யும்படி மருத்துவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. நாள்தோறும் கஞ்சா புகைத்தவரின் சிறுநீரில் அதன் தடயம், நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் இருக்கக்கூடும். முதல் பரிசோதனையை அவசரப்பட்டு வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு அதுவே காரணம்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மருத்துவர் குறித்த நாளில் படகு கடலில் இருந்தால் பதிவில் இடைவெளி விழும்; அந்த இடைவெளியை மும்பையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி வேறு விதமாகப் படிப்பார். மீன்வளத்துறை கொடுக்கும் அனுமதி டோக்கனின் நகலை எடுத்து வைத்து, அடுத்த வருகையில் மருத்துவரிடம் காட்டி, வராத காரணத்தைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். விசைப்படகில் தொழில் செய்பவராக இருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வருகைகளையும் பரிசோதனைகளையும் நெருக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

ஏர்வாடியில் தங்கி மனம் திருந்தி வந்தவர்களை நான் அறிவேன். அந்த நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனாலும் தர்காவில் தங்கியிருந்ததற்கோ, ஜமாஅத் தலைவரோ பங்குத் தந்தையோ கொடுக்கும் கடிதத்துக்கோ மருத்துவச் சான்றின் இடம் கிடைக்காது. அவற்றைத் துணை ஆதாரமாக மட்டும் வையுங்கள். ஆண்டின் முடிவில் மனநல மருத்துவர் தரும் கடிதத்தில், நோய்க்கணிப்பு என்ன, கடைசியாகப் பயன்படுத்திய நாள் எது, எத்தனை பரிசோதனைகள் நடந்தன, முடிவுகள் என்ன, இப்போது மீட்சி நிலை என்ன என்ற ஐந்தும் இருக்க வேண்டும். "நல்ல பையன், இப்போது எந்தப் பழக்கமும் இல்லை" என்ற இரண்டு வரிக் கடிதத்தால் எதுவும் நகராது.

மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. டிரமடால், டாபென்டடால், கோடின் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றைப் போதைப்பொருளாகவே நம் இளைஞர்கள் பலர் நினைப்பதில்லை. இவை அமெரிக்கப் பட்டியலில் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள். உண்மையான வலிக்காக எடுத்தவர்கள் மருத்துவச் சீட்டைப் பரிசோதனைக்குக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

ஓராண்டு மீட்சியும் ஓராண்டு மறுபரிசீலனைக் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே முடிவதைக் கவனித்திருப்பீர்கள். கடைசி வாரம்வரை சும்மா இருந்துவிடாமல், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வழக்கு எண்ணைக் குறிப்பிட்டுத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, சிகிச்சை தொடர்கிறது, இந்த மாதத்தில் மறுபரிசோதனைக்குத் தயாராவோம் என்று பதிவு செய்துகொண்டே இருங்கள். ஓராண்டுக்கு மேல் தொடர்பே இல்லாத விண்ணப்பத்தின் பதிவு ரத்தாகும் ஆபத்து உண்டு.

மூன்றாம் படி: குற்றம் சார்ந்த மறுப்பு என்றால் வழக்குக் கட்டைக் கையில் எடுங்கள்

உண்மையான கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் காலங்காலமாகக் கொடுக்கப்படும் ஓர் அறிவுரை பெரிய கேட்டைச் செய்வதும் இங்கேதான்.

சிறிய அளவு கஞ்சாவோடு பிடிபட்ட பையனிடம், "குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிடு, வழக்கு இன்றோடு முடிந்துவிடும்" என்று சொல்வது வழக்கம். இந்திய வாழ்க்கைக்கு அது சின்னச் செலவாகத் தோன்றலாம். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் பார்வையில், குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது முழுமையான தண்டனைத் தீர்ப்பு. அது எத்தனை ஆண்டு ஆனாலும் தானே அழியாது.

இந்தத் தடைக்கு மன்னிப்பு தரும் 212(எச்) பிரிவின் வாசலும் மிகக் குறுகியது. ஒரே ஒரு முறை, 30 கிராமோ அதற்குக் குறைவாகவோ கஞ்சாவைத் தன் சொந்தப் பயனுக்காக வைத்திருந்தவருக்கு மட்டுமே அது திறக்கும். ஹெராயின், மாத்திரை, மெத்தாம்பெட்டமின் எதற்கும் திறக்காது. இப்போது நம் சட்டத்தைப் பாருங்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ்.-இல் கஞ்சாவுக்கு 'சிறிய அளவு' என்பது ஒரு கிலோ வரை. 200 கிராமோடு பிடிபட்டு, சிறிய அளவு என்ற பிரிவிலேயே தண்டனை பெற்று, அபராதத்தோடு வீடு திரும்பியவர், இங்கே இலேசாகத் தப்பித்ததாக நினைத்திருப்பார். அமெரிக்க மன்னிப்புக்கு அவர் தகுதியற்றவர். இந்த ஒரு கிலோவுக்கும் 30 கிராமுக்கும் இடையில்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

ஆகவே வழக்கு நடந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு எஃப்.ஐ.ஆர்., பறிமுதல் மகஜர், குற்றப்பத்திரிகை, தடய அறிவியல் ஆய்வக அறிக்கை, தீர்ப்பு ஆகிய ஐந்தின் சான்றிட்ட நகலையும் பெறுங்கள். மகஜரில் எழுதிய எடை பொட்டலத்தோடு சேர்த்ததா, பொருள் மட்டுமா? ஆய்வக அறிக்கையில் என்ன அளவு? தீர்ப்பில் குறிப்பிட்ட பிரிவு 27-இன் கீழான உட்கொள்ளுதலா, 20-இன் கீழான வைத்திருத்தலா? மன்னிப்பு கிடைப்பதும் கிடைக்காததும் இந்தக் கேள்விகளின் விடையில்தான் இருக்கிறது. தமிழில் உள்ள தாள்களுக்கு, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால் உங்களுக்கு வழி இருக்கிறது, அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவுக்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தாமாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால், அவர்மீது வழக்கு நடத்தாமல் விலக்கு அளிக்கிறது. இதனால் 'அடிமை' என்ற பெயர் பதிவில் ஏறும். அது மருத்துவ மறுப்பைக் கொண்டுவரக்கூடும். ஆனால் மருத்துவ மறுப்பு 12 மாத மீட்சியில் தீரும், தண்டனையோ தீராது. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில், நான் தயங்காமல் முதலாவதைச் சொல்வேன். மனுவின் வாசகத்தை மட்டும், குடிவரவுச் சட்டம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

தண்டனை ஏற்கெனவே ஆகிவிட்டதென்றால், மேல்முறையீட்டிலோ சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலோ அது சட்டக் குறையின் அடிப்படையில் ரத்தானால் பயன் உண்டு. "வெளிநாடு போக வேண்டும், இரக்கம் காட்டுங்கள்" என்ற காரணத்துக்காக ரத்தானால் பயன் இல்லை. குடிவரவு நோக்கத்துக்காக மட்டும் நீக்கப்பட்ட தண்டனை நிலைப்பதாகவே கருதப்படும் என்று அமெரிக்கக் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2003-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வழக்கே இல்லாமல், நேர்காணலில் சொன்ன வார்த்தையை வைத்து மறுத்திருந்தால், அந்த ஒப்புதல் சட்டப்படி செல்லுமா என்று பார்க்க வேண்டும். 1957-இல் அதே வாரியம் வகுத்த விதிப்படி, குற்றத்தின் கூறுகளை விண்ணப்பதாரருக்கு எளிய மொழியில் முதலில் விளக்கி, பிறகு அவர் தாமாக ஒப்புக்கொண்டிருந்தால்தான் அது ஒப்புதல். ஆனால் மருத்துவரிடம் சொன்னதையும் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் ஏற்றிருக்கிறது. கடந்த காலத்தில் இப்படி ஏதேனும் இருப்பவர்கள், மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் முன்பே அமெரிக்கக் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சட்டம் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால், வழக்கறிஞர் அமெரிக்க வெளியுறவுத் துறையின் 'லீகல்நெட்' என்ற மின்னஞ்சல் வழியாகச் சட்டக் கேள்வி எழுப்பலாம்.

நான்காம் படி: ஐ-601 மன்னிப்பு விண்ணப்பத்தை ஒரு வாழ்க்கைக் கணக்காக எழுதுங்கள்

30 கிராம் வாசலுக்குள் வருபவர்கள், தூதரகம் தகுதியின்மையைக் குறித்த பிறகு ஐ-601 படிவத்தைத் தாக்கல் செய்யலாம். நிகழ்வு நடந்து 15 ஆண்டுகள் கடந்திருந்தால், திருந்திவிட்டதைக் காட்டுவது போதும். அதற்குள் என்றால், அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு உடையவரோ ஆன கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை ஆகியோரில் ஒருவருக்கு மிகக் கடுமையான இன்னல் ஏற்படும் என்று நிறுவ வேண்டும். பிரிந்திருக்கும் வருத்தம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது மட்டும் போதாது. பிரிந்திருக்கும் எல்லோருக்கும் அது உண்டு என்று அதிகாரிகள் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு பக்கத்தையும் எழுத வேண்டும். மனைவி அங்கேயே தனியாக இருந்தால் என்ன ஆகும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்தால் என்ன ஆகும் என்ற இரண்டும். ஹூஸ்டனில் செவிலியராக இருக்கும் ஒரு மனைவி, டயாலிசிஸ் செய்துகொள்ளும் தந்தையை வாரம் மும்முறை தானே அழைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தந்தையின் மருத்துவமனைப் பதிவு, அவரது வேலை அட்டவணை, உதவிக்கு வேறு உடன்பிறப்பு இல்லை என்பதற்கான சான்று ஆகியவை முதல் பக்கம். அவருடைய செவிலியர் உரிமம் இங்கே நேரடியாகச் செல்லாது, வீட்டுக் கடன் தவணை நின்றுவிடும், பாம்பனிலிருந்து பெரிய மருத்துவச் சிகிச்சைக்கு மதுரை வரை போக வேண்டும், குழந்தைக்குத் தமிழ் எழுதத் தெரியாது என்பவை இரண்டாம் பக்கம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும். மனைவியின் உறுதிமொழிக் கடிதத்தை அவரே தம் சொற்களில் எழுதட்டும். கடைகளில் எழுதித் தரும் ஒரே மாதிரியான கடிதங்கள் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: கடத்தல் என்று குறித்திருந்தால்

நம் கடலோரத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலங்கைக்கு அனுப்ப வைத்திருந்த கஞ்சாப் பொட்டலங்கள் பிடிபடும் வழக்குகளில், படகின் சொந்தக்காரர், கூலிக்குப் போனவர், வண்டி ஓட்டியவர் என்று பல பெயர்கள் எஃப்.ஐ.ஆரில் ஏறுகின்றன. அவர்களில் விடுதலை ஆனவர்மீதும் அமெரிக்க அதிகாரி இந்தத் தடையைப் போட முடியும். குடியேற்ற விசாவுக்கு இதற்கு மன்னிப்பு இல்லை. அந்த வருவாயால் அண்மைய ஐந்தாண்டுகளில் தெரிந்தே பயனடைந்த மனைவி, பிள்ளைகளையும் இது தொடும்.

செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை என்று காட்டுவது. விடுதலைத் தீர்ப்பில் நீதிபதி சொன்ன காரணம், அன்றைக்கு வேறிடத்தில் இருந்ததற்கான சான்று, படகை வாடகைக்கு விட்ட ஒப்பந்தம், குற்றப்பத்திரிகையில் பெயர் நீக்கப்பட்ட பக்கம் ஆகியவற்றைத் திரட்டி, வழக்கறிஞரின் சட்டக் குறிப்போடு கொடுக்க வேண்டும். நீதிமன்றத்தை நம்பி இருந்துவிட முடியாது. தன் துணைக்கு நாட்டுக்குள் நுழைய அனுமதி பெறும் அடிப்படை உரிமை குடிமகனுக்கு அரசியலமைப்பின்படி இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 21 அன்று தீர்ப்பளித்துவிட்டது. தூதரக அதிகாரியின் முன்னால் வைக்கும் கோப்புதான் உங்கள் வழக்கு.

ஆறாம் படி: எந்த நிலையிலும் பொய் சொல்லாதீர்கள்

குடியேற்ற விசாவுக்கான டிஎஸ்-260 விண்ணப்பப் படிவத்தில், போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்தியதுண்டா என்றும், அது தொடர்பான சட்டம் எதையும் மீறியதுண்டா என்றும் தனித்தனியே கேட்கிறார்கள். "எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது" என்று சொல்லும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். தீரக்கூடிய ஒரு மருத்துவத் தடையை வாழ்நாள் தடையாக மாற்றுவது இந்த ஒரு வார்த்தைதான். முக்கியமான உண்மையை மறைத்ததற்காக வரும் தடை நிரந்தரமானது. அதற்கான 212(ஐ) மன்னிப்பில் துணைவரின் அல்லது பெற்றோரின் இன்னல் மட்டுமே கணக்கில் வரும், பிள்ளைகளின் இன்னல் தனியாக எடுத்துக்கொள்ளப்படாது. ஏற்கெனவே தவறாக நிரப்பியிருந்தால், அதிகாரி கண்டுபிடிக்கும் முன் நீங்களே திருத்துவதற்கு மதிப்பு உண்டு.

கே-1 விசாவில் வந்த மறுப்பு

நிச்சயிக்கப்பட்டவருக்கான கே-1 விசாவில் மறுப்பு வந்திருந்தால், ஓராண்டு காத்திருப்பு அதற்கு ஒத்துவராது. அந்த மனுவின் ஆயுள் நான்கே மாதம், அதை நீட்டிக்க வேண்டுமென்றாலும் அதிகாரியின் விருப்பத்தைச் சார்ந்திருக்க வேண்டும். திருமணத்தை இங்கேயே நடத்தி, துணைக்காக அமெரிக்காவில் இருப்பவர் தாக்கல் செய்யும் ஐ-130 மனுவைப் போட்டுவிடுவது பெரும்பாலும் நல்லது. அந்த மனு பரிசீலனையில் இருக்கும் காலமும் மீட்சிக் காலமும் ஒன்றாகவே ஓடிவிடும். ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவோ கோவில், தேவாலயச் சான்றோ இருந்தாலும், 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழையும் பெற்றுவிடுங்கள்.

இரண்டாம் நேர்காணலும் அதன் பிறகும்

மறுபரிசோதனைக்குச் சென்னையில் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் போகும்போது மருத்துவப் பதிவுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்கச் சுருக்கத்தை வைத்து, நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மும்பையில் பழைய கேள்விகள் மறுபடியும் வரும். முதல் முறை சொன்ன ஆண்டும் அளவும் மாறாமல் இருக்க, முந்தைய படிவத்தையும் உங்கள் குறிப்பையும் முதல்நாள் இரவு ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு விடை சொன்னால் போதும்.

விசா கிடைத்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு, கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் கஞ்சா கடைகளில் வெளிப்படையாக விற்பதைப் பார்ப்பீர்கள். கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்றும் தடைசெய்யப்பட்ட பொருளே. குடிவரவுத் துறை கூட்டாட்சிச் சட்டத்தைத்தான் பார்க்கும். அப்படிப்பட்ட கடையில் வேலை செய்வதுகூடக் குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தடையாகலாம் என்று 2019 ஏப்ரலில் அந்தத் துறை எழுத்திலேயே அறிவித்திருக்கிறது. கையில் கிரீன் கார்டு மட்டும் இருக்கும்வரை, அந்தக் கடைகளில் வாங்கவும் வேண்டாம், வேலைக்குச் சேரவும் வேண்டாம்.